ஆவன் பள்ளத்தாக்கில் காட்டுவழி சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு வேல்ஸில் ஆவன் ஆற்றை ஒட்டி, பொன்ட்ரிடவென் ஊரில் தொடங்கி கிளின்கொருக் வரை மேலேறும் பழைய ரயில்தடப் பாதை எனக்கு மிகவும் பிடித்த சைக்கிள் பாதை. கார், லாரி கிடையாது. இரண்டு பக்கமும் காடு. அந்தக் காட்டுக்குள் ஒரு நூற்றாண்டு நிலக்கரி வரலாறு கிடக்கிறது. குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த இடம் சரியாக எங்கே இருக்கிறது? எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும்?

போர்ட் டால்பட் நகரிலிருந்து வடகிழக்காக மலைக்குள் போகும் பள்ளத்தாக்கு இது. எம்4 நெடுஞ்சாலையில் 40-ஆம் சந்திப்பில் இறங்கி ஏ4107 சாலையில் ஏறினால் சுமார் 10 கிலோமீட்டரில் ஆவன் வனப்பூங்காவின் பார்வையாளர் மையம் வரும். அந்த இடத்துக்கு ஆவன் ஆர்கோய்ட் என்று பெயர்.

நான் சொல்லும் பாதை பொன்ட்ரிடவென், ஆவன் ஆர்கோய்ட், கம்மர், கிளின்கொருக் என்று ஆற்றோடு மேலே போகிறது. ஒரு வழிக்கு 15 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். போகும்போது மெல்லிய ஏற்றம், வரும்போது இறக்கம். அதனால் களைப்பு எல்லாம் முற்பகலிலேயே தீர்ந்துவிடும்.

பெயர்களை எப்படிச் சொல்வது?

வேல்ஸ் மொழியில் ஒற்றை எஃப் எழுத்துக்கு 'வ' ஓசை. ஆகவே ஊர்க்காரர்கள் இந்த ஆற்றை ஏறக்குறைய 'அவன்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் அப்படியே எழுதினால் 'அவன் வந்தான்' என்கிற அவனோடு குழம்பும் என்பதால் ஆவன் என்று எழுதுகிறேன்.

நாலைந்து சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள், பெயர்ப்பலகைகள் எல்லாம் பேச ஆரம்பித்துவிடும். கூம் என்றால் பள்ளத்தாக்கு. பொன்ட் பாலம், கோய்ட் மரங்கள், நான்ட் ஓடை. பிளைன் என்றால் பள்ளத்தாக்கின் தலைமாடு. பிளைன்குவின்வி என்ற ஊர் குவின்வி ஓடையின் தலைமாட்டில் இருக்கிறது. கம்மர் என்றால் கூடல்: கொருக் ஆறு ஆவனோடு கலக்கும் இடம் அது. கூடல் என்ற பெயரில் ஊர் வைக்கும் வழக்கம் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இது மலைச் சைக்கிள் வீரர்கள் வரும் இடம் என்கிறார்களே. எங்களால் முடியுமா?

முடியும். ஆவன் என்றாலே பிரிட்டனில் பலருக்கு நினைவு வருவது செங்குத்தான மலைச்சரிவுத் தடங்கள்தான். அவற்றில் 'வொய்ட்ஸ் லெவல்', 'தி வால்' இரண்டும் பேர்பெற்றவை. இரண்டையும் இணைத்து 'டபிள்யூ2' என்று 44 கிலோமீட்டர் அளவில் ஒரு நீண்ட தடமும் இருக்கிறது. அவை பழகியவர்களுக்கானவை. பாறை, வேர், திடீர் இறக்கம் எல்லாம் வரும். பலகையில் சிவப்பு, கறுப்பு நிறம் கண்டால் புதியவர்கள் திரும்பிவிடுவதே நல்லது. பச்சையும் நீலமும் எளிய தடங்கள்.

நான் இங்கே பேசுவது பள்ளத்தாக்கின் அடியில் போகும் தாழ்வழி. எட்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுத் தாத்தாவும் சேர்ந்து ஓட்டலாம்.

'வொய்ட்ஸ் லெவல்' என்ற பெயரில் உள்ள 'லெவல்' சுரங்கத் தொழிலாளர் சொல். கிணறு மாதிரிக் கீழே தோண்டாமல், மலைச்சரிவில் நிலக்கரி அடுக்கு தெரியும் இடத்தில் படுக்கைவாட்டில் குடைந்துகொண்டே உள்ளே போவார்கள். அந்தக் குகைவழிக்குத்தான் லெவல் என்று பெயர்.

மலைநாட்டில் பாதை எப்படி இவ்வளவு சமமாக இருக்கிறது?

அது ரயில் ஓடிய தடம் என்பதால். பாரமேற்றிய நிலக்கரி வண்டிகளுக்குக் கடும் ஏற்றமும் ஆகாது, கடும் இறக்கமும் ஆகாது. அதனால் மலையைக் குடைந்தும், பள்ளத்தை மண்கொட்டி மேடாக்கியும், ஆற்றின் வளைவோடு வளைந்தும் அன்றைய பொறியாளர்கள் தடம் போட்டார்கள். நம் பெடலுக்குக் கிடைக்கும் சுகம் அவர்கள் போட்ட கணக்கிலிருந்து வருவது.

இந்தக் குறுகலான பள்ளத்தாக்குக்கு ஒன்றுக்கு மூன்று ரயில் நிறுவனங்கள் போட்டி போட்டன. முதலில் வந்தது சவுத் வேல்ஸ் மினரல் ரயில்வே. அதன் முதல் பொறியாளர், பிரிட்டனின் பேர்பெற்ற ரயில் பொறியாளரான இசம்பார்ட் கிங்டம் புரூனெல். 1859-இல் அவர் இறந்த பிறகு, 1860களின் தொடக்கத்தில்தான் கடற்கரைப் பக்கத்துப் பிரிட்டன் ஃபெரியிலிருந்து கிளின்கொருக் வரை அந்தத் தடம் முடிந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 7 அடிக்கும் சற்று மேற்பட்ட இடைவெளி விடும், புரூனெலுக்குப் பிடித்த அகலப் பாதையாகத்தான் முதலில் போட்டார்கள். பிறகு 1872-இல் குறுக்கினார்கள்.

அடுத்து மேஸ்டெக் என்ற ஊர்ப்பக்கத்திலிருந்து மலையைக் குடைந்துகொண்டு கம்மருக்கு ஒரு தடம் வந்தது. மூன்றாவது ரொந்தா அண்ட் ஸ்வான்சீ பே ரயில்வே. ரொந்தா பள்ளத்தாக்கின் நிலக்கரியைக் கார்டிஃப் பக்கம் விடாமல் ஸ்வான்சீ துறைமுகத்துக்குக் கொண்டுபோவதற்காகவே பிறந்த நிறுவனம் அது.

ஆவன் ஆர்கோய்டுக்கும் கம்மருக்கும் இடையே ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு பழைய தடங்கள் இருப்பது இந்தப் போட்டியால்தான். ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்பலாம். நான் எப்போதும் அப்படித்தான் போகிறேன். ஒரே பள்ளத்தாக்கு இரண்டு முகம் காட்டும்.

ஓட்டும்போது தரையைக் கொஞ்சம் கவனியுங்கள். பாதையோரம் பாசி பிடித்த கல்சுவர் திடீரென நீளமாகவும் நேராகவும், இடுப்புயரத்தில் வந்தால், அது பெரும்பாலும் பிளாட்பாரத்தின் விளிம்பு. அந்த இடத்தில் இறங்கிச் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கையை வைத்துப் பாருங்கள். ஃபெர்ன் செடியை விலக்கினால் விளிம்புக்கல் காலடிகளால் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். சுரங்கத்து வேலைக்கும் சந்தைக்கும் போனவர்கள் ஏறி இறங்கிய தேய்மானம் அது.

பொன்ட்ரிடவெனில் எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு பாலங்களை. ஒன்று 'பொன்ட் வவுர்', அதாவது பெரிய பாலம். 1820களில் கட்டியது, நான்கு பெரிய கல்வளைவுகள். அது மனிதர் போவதற்காகக் கட்டிய பாலம் இல்லை, தண்ணீர் போவதற்காகக் கட்டியது. இரும்பு உருக்காலையின் சக்கரங்களைச் சுழற்ற, பள்ளத்தாக்கின் குறுக்கே ஆகாயத்தில் ஒரு வாய்க்கால். இன்று அந்த வாய்க்கால் இருந்த இடத்தின் மேலேயே சைக்கிளில் போகலாம். மற்றது 1890களின் இறுதியில் செங்கல்லால் கட்டிய ரயில் மேம்பாலம்.

நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் 1925-இல் பிறந்தது இந்த ஊரில்தான். இயற்பெயர் ரிச்சர்ட் ஜென்கின்ஸ், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் 13 பிள்ளைகளில் 12-ஆவது. அவர் பிறந்த வீடு பெரிய பாலத்தின் நிழலில் இருக்கிறது. பாலத்தின் மேலே நின்று பார்க்கும்போது அந்த வீட்டு வரிசை எவ்வளவு சிறியது என்பது கண்ணில் படும். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். சன்னலை எட்டிப் பார்க்காதீர்கள்.

ஓடையில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாக இருக்கிறதே, சாயக்கழிவா?

சாயம் இல்லை, இரும்பு. சுரங்கம் வேலை செய்த காலத்தில் பம்ப் போட்டு நீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். மூடியதும் பம்புகள் நின்றன. நிலத்தடி நீர் ஏறி, கைவிட்ட குகைவழிகளை நிரப்பியது. நிலக்கரியோடு சேர்ந்திருக்கும் பைரைட் என்ற கனிமத்தில் இரும்பும் கந்தகமும் உண்டு. காற்றும் நீரும் பட்ட பைரைட்டிலிருந்து இரும்பு கரைந்து வருகிறது. அந்த நீர் வெளியே வந்து மேலும் காற்றுப் பட்டதும் இரும்பு துருவாகிக் கற்களின் மேல் படிகிறது. இந்தப் படிவு ஆற்றின் அடியை மூடிவிட்டால் பூச்சிகள் வாழ முடியாது. பூச்சி இல்லாத ஆற்றில் மீனும் இல்லை.

பொன்ட்ரிடவெனில் ஆவனோடு கலக்கும் பெலென்னா ஆறு இப்படித்தான் நெடுங்காலம் செத்துக் கிடந்தது. 1990களில் டோன்மவுர் ஊர்ப்பக்கம் நாணற்குளங்கள் அமைத்து, சுரங்க நீரை முதலில் அவற்றில் தேக்கி, இரும்பு படிந்த பிறகு ஆற்றில் விட ஆரம்பித்தார்கள். இயந்திரம், மின்சாரம் எதுவும் பெரிதாக வேண்டாம். நாணலும் மண்ணும் நேரமும் போதும். டிரவுட் மீன்கள் திரும்பி வந்தன. இந்தப் பள்ளத்தாக்கில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் செய்தி இதுதான்.

இது இயற்கையான காடுதானே?

ஓக் மரங்கள் நிற்கும் சில சரிவுகள் பழையவை. மற்றபடி நீங்கள் பார்க்கும் ஊசியிலைக் காட்டின் பெரும்பகுதி மனிதர் நட்டது. நட்டதற்குக் காரணமும் சுரங்கம்தான்.

முதல் உலகப் போரின்போது பிரிட்டனுக்கு வெளிநாட்டு மரவரத்து கப்பல் தாக்குதல்களால் குறைந்தது. ராணுவத்துக்கு மட்டுமா மரம் வேண்டும்? ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கமும் நாள்தோறும் மரத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. நிலக்கரியை வெட்டி எடுத்த இடத்தில் மேற்கூரை இடிந்து விழாமல் இருக்க மரத்தூண் முட்டுக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதைப் 'பிட் ப்ராப்' என்பார்கள். மரம் இல்லையென்றால் நிலக்கரி இல்லை. நிலக்கரி இல்லையென்றால் கப்பல், ரயில், உருக்கு எதுவும் இல்லை. அந்தப் பயத்தில்தான் 1919-இல் வன ஆணையம் பிறந்தது. அதன் பிறகு, ஆடு மேய்ந்த மலைகள் மீது வரிசை வரிசையாக ஸ்ப்ரூஸ், லார்ச் என்ற ஊசியிலை மரங்கள் ஏறின.

சுரங்கத் தொழிலாளர்களுக்கு இரும்புத்தூணைவிட மரத்தூண் மேல் பிரியம் அதிகம். காரணம், மரம் பேசும். மேலிருந்து பாரம் அழுத்தும்போது உடைவதற்கு முன்னால் முனகும், நெரியும், 'சடக் சடக்' என்று சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடித் தப்பலாம். காற்று அடிக்கிற நாளில் இந்தக் காட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். இரண்டு ஸ்ப்ரூஸ் மரங்கள் உரசிக் கீறலாக ஒரு முனகல் எழும். உள்ளே இருட்டில் அதே சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்களை நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

நட்ட மரம் பலன் தர 40, 50 வருடம் ஆகும். அது வளர்ந்து முடிவதற்குள் சுரங்கங்கள் மூடத் தொடங்கிவிட்டன. இந்தப் பள்ளத்தாக்கில் டஃப்ரின் ரொந்தா சுரங்கம் 1966-இல் மூடியது, ஏவான் சுரங்கம் 1969-இல், கிளின்கொருக் 1970-இல். எந்தச் சுரங்கங்களுக்காக நட்டார்களோ அவை போய்விட்டன. மரங்கள் நிற்கின்றன.

அப்படியானால் சில மலைகள் மொட்டையாக இருப்பது ஏன்?

பாதி வழக்கமான அறுவடை. மறுபாதி நோய். ஃபைட்டாப்தோரா ராமோரம் என்ற பூஞ்சை போன்ற கிருமி 2010-இல் வேல்ஸின் லார்ச் மரங்களில் தென்பட்டபோது, முதலில் கண்டுபிடித்த இடங்களில் ஆவன் பள்ளத்தாக்கும் ஒன்று. தொற்றிய மரத்தைக் காப்பாற்ற வழியில்லை. பரவாமல் தடுக்க வெட்டத்தான் வேண்டும். ஆகவே மலை மலையாக வெட்டினார்கள். இப்போது பல இடங்களில் பலவகை மரங்களைக் கலந்து நடுகிறார்கள்.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிருமி சேற்றோடு பயணிக்கும். வீட்டுக்குக் கிளம்பும் முன் டயரையும் ஷூவையும் கழுவிவிடுங்கள்.

அருங்காட்சியகம் பார்க்கத் தகுந்ததா?

கட்டாயம். ஆவன் ஆர்கோய்டில் இருக்கும் சவுத் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் அருங்காட்சியகம் 1976-இல் திறந்தது. பெரிய மாளிகை எல்லாம் இல்லை. விளக்கு, கோடரி, சாப்பாட்டு டப்பா, வீட்டுச் சமையலறை என்று கைக்கெட்டும் பொருட்கள். அந்தச் சாப்பாட்டு டப்பாவைக் கவனியுங்கள். எலி கடிக்காமல் இருக்கத் தகரத்தில், ரொட்டித் துண்டின் வடிவத்திலேயே செய்தது. உள்ளே வைக்கும் ரொட்டி கரித்தூள் படிந்த கையால் தொட்டுச் சாப்பிட வேண்டியது.

1842-க்கு முன்னால் பெண்களும் சின்னஞ்சிறு பிள்ளைகளும் நிலத்தடியில் வேலை செய்தார்கள். அந்த ஆண்டுச் சட்டம் பெண்களையும் 10 வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் கீழே இறக்கத் தடை போட்டது. அதாவது 10 வயது நிறைந்தால் இறக்கலாம். இதை என் மகனிடம் சொன்னபோது அவனுக்கு வயது 10. வண்டி நிறுத்தும் இடம் வரை அவன் ஒன்றும் பேசவில்லை.

திறக்கும் நாளும் நேரமும் பருவத்துக்கு ஏற்ப மாறும். போவதற்கு முன் சரிபாருங்கள்.

கம்மரிலும் கிளின்கொருக்கிலும் என்ன இருக்கிறது?

கம்மரில் மூன்று ரயில் நிறுவனங்களும் சந்தித்துக்கொண்டன. ஊரின் அளவைப் பார்த்தால் நம்பவே முடியாது. பள்ளத்தாக்கின் குறுக்கே உயரமாக நிற்கும் பழைய இரும்பு மேம்பாலத்தைக் கீழிருந்து பாருங்கள். மூடிவைத்திருக்கிறார்கள், மேலே ஏற முயலாதீர்கள்.

அங்கிருந்து கொருக் ஆற்றோடு பிரிந்து ஏறினால் கிளின்கொருக். பெரிய சாலை எதுவும் இதைத் தாண்டிப் போகவில்லை, ஊரோடு வழி முடிகிறது. சுரங்கம் மூடியபோது இங்கிருந்தவர்களுக்கு வேறு வேலைக்குப் போக எவ்வளவு தூரம் இறங்க வேண்டியிருந்திருக்கும் என்பது சைக்கிளில் ஏறி வரும்போது கால்களுக்குப் புரியும். குளக்கரையில் உட்கார்ந்து கட்டுச்சாதத்தைப் பிரிக்க ஏற்ற இடம்.

ரொந்தா குகைவழியில் சைக்கிள் ஓட்டலாம் என்று கேள்விப்பட்டோம், உண்மையா?

இன்னும் இல்லை. ஆவன் பள்ளத்தாக்கின் பிளைன்குவின்வியையும் ரொந்தாவின் பிளைன்கூமையும் மலைக்கடியில் இணைக்கும் ரயில் குகைவழி அது. 1890-இல் திறந்தது. நீளம் 3,148 மீட்டர். உள்சுவர் நெளிந்துவிட்டதால் 1968-இல் ரயிலை நிறுத்தினார்கள், பிறகு ஓடவே இல்லை. 1980-இல் இரண்டு வாய்களையும் மண்போட்டு மூடினார்கள். 2014 முதல் ரொந்தா டனல் சொசைட்டி என்ற அமைப்பு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இதைத் திறக்க வேண்டும் என்று பாடுபட்டு வருகிறது. காற்றுக்குழாய் வழியாகப் பொறியாளர்கள் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பகுதி நல்ல நிலையில் இருக்கிறது.

திறந்தால் என்ன ஆகும் என்றால், மலையைச் சுற்றிக் காரில் போகும் இரண்டு ஊர்கள் சைக்கிளில் கால்மணி நேரத் தூரமாகிவிடும். நானும் அந்த நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

புல் முளைத்த கறுப்பு மேடுகள் மேல் சைக்கிளை ஏற்றலாமா?

வேண்டாம். அவை சுரங்கக் கழிவைக் கொட்டிய மேடுகள். 1966 அக்டோபர் 21 அன்று, இங்கிருந்து கிழக்கே டாஃப் பள்ளத்தாக்கில் உள்ள அபர்வான் கிராமத்தில் அப்படி ஒரு மேடு மழைநீரில் ஊறிச் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். அதன் பிறகுதான் சட்டம் வந்தது, மேடுகளைச் சரிசெய்து வடிகால் வெட்டிப் புல் நட்டார்கள். டயர் தடம் பட்டால் அந்தப் புல் கிழியும், மழைநீர் அந்தத் தடத்திலேயே இறங்கும். இந்த ஊர்க்காரர்கள் முன்னால் அதைச் செய்யவே கூடாது.

மலையுச்சிக் காற்றாலைகள் இந்த வரலாற்றில் சேர்ந்தவையா?

எனக்கு அப்படித்தான் படுகிறது. பென் எ கம்மோய்த் என்ற அந்தக் காற்றாலைப் பண்ணையில் 76 விசிறிகள். 2017-இல் முறைப்படித் திறந்தார்கள். பெயருக்குப் பள்ளத்தாக்குகளின் தலை என்று பொருள். அதன் வருமானத்தில் ஆண்டுக்கு 18 லட்சம் பவுண்டு சுற்றுவட்டார ஊர்களின் நிதிக்குப் போகிறது. நிலக்கரி தோண்டிய காலத்தில் பணம் ஆற்றோடு கீழே போனது. இப்போது கொஞ்சமாவது மேலே நிற்கிறது.

பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் இருப்பது போர்ட் டால்பட் உருக்காலை. 2007-இல் டாடா ஸ்டீல் அதை வாங்கியது. 2024-இல் அதன் கடைசி ஊதுலையும் அணைந்தது. அதைப் பற்றி அங்கே யாரோடு பேசினாலும் கவனமாகப் பேசுங்கள். பலருக்கு அது தந்தை, தாத்தா காலத்து வேலை.

எந்தச் சைக்கிள் வேண்டும்?

தாழ்வழிக்கு விலை உயர்ந்த மலைச் சைக்கிள் வேண்டாம். அகலமான, தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள் வைத்த டயர் உள்ள எந்தச் சைக்கிளும் போதும். மெல்லிய டயர் ரேஸ் சைக்கிளைக் கொண்டுவராதீர்கள், கூழாங்கல்லில் வழுக்கும். ஒரு மாற்று ட்யூப், பம்ப், டயர் லீவர் இருக்கட்டும். மின்சார சைக்கிளும் ஓட்டலாம். 250 வாட்டுக்கு மேற்படாத, மணிக்கு 15.5 மைலில் மோட்டார் உதவி நிற்கும் வண்டிக்குப் பிரிட்டனில் உரிமம் தேவையில்லை. ஆனால் 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஹெல்மெட் எல்லோருக்கும்.

எந்த மாதம் நல்லது?

மே. ஓக் காட்டின் அடியில் நீலமணிப் பூக்கள் கம்பளம் விரித்திருக்கும். அக்டோபரில் ஃபெர்ன் எல்லாம் துருநிறமாகி மலையே எரிவது போல் இருக்கும், அதுவும் அழகு. டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும், தவிருங்கள். மழைச்சட்டை 12 மாதமும் பையில் இருக்க வேண்டும்.

சாப்பாடு, தொலைபேசி?

இரண்டையும் நம்பாதீர்கள். கடைகள் திறந்திருக்கும் நேரம் மாறும், பள்ளத்தின் அடியில் சிக்னல் விட்டுவிட்டு வரும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள். புளியோதரையும் தெர்மாஸில் டீயும் எடுத்துப் போனால் கவலை இல்லை.

பாதை மூடியிருந்தால் பக்கத்தில் நுழைந்து போகலாமா?

கூடாது. வனத்தை நடத்தும் நேச்சுரல் ரிசோர்சஸ் வேல்ஸ் மரம் வெட்டும் நாட்களில் பாதையை மூடும். கண்ணுக்கு எந்த இயந்திரமும் தெரியாவிட்டாலும் சரிவின் மேலிருந்து மரம் உருண்டு வரலாம். மாற்றுவழிப் பலகையைப் பின்பற்றுங்கள். நடப்பவர்கள், நாயோடு வருபவர்கள், குதிரையில் வருபவர்கள் எதிரில் வந்தால் வேகம் குறைத்து, மணியடித்து, ஒதுங்கி வழிவிடுங்கள்.

கார் இல்லாமல் வர முடியுமா?

லண்டன் பாடிங்டனிலிருந்து ஸ்வான்சீ போகும் ரயில் போர்ட் டால்பட் பார்க்வேயில் நிற்கும். சைக்கிளுக்கு முன்பதிவு உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள், இடம் குறைவு. நிலையத்திலிருந்து கூமாவன் வழியாக 887 என்ற எண் போட்ட தேசியச் சைக்கிள் வழி மலைக்குள் கூட்டிப்போகும்.

எங்களிடம் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

கிளின்கொருக்கை விட்டுவிடுங்கள். ஆவன் ஆர்கோய்டில் வண்டியை நிறுத்தி, ஆற்றோடு கீழே பொன்ட்ரிடவெனுக்கு இறங்கி, பெரிய பாலத்தின் நடுவில் நில்லுங்கள். ஒரு பக்கம் செங்கல் மேம்பாலம், கீழே சிறிய வீடுகள், எதிரே மனிதர் நட்ட காடு. ஆறு கலங்கலா தெளிவா என்று எட்டிப் பாருங்கள். மழைக்கு மறுநாள் இல்லையென்றால், அடியில் இருக்கும் கற்களை எண்ணலாம். பிறகு வந்த வழியே ஏறுங்கள். அரைமணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்பும் வழி முழுக்க ஏற்றம்.